குறியிரும்பு ஒன்று

"முல்லைத்தீவுப் புத்தகங்களோ, தங்கச்சி?
அதுகளும் இடம்பெயர்ந்ததுதான்.
ஆக்கள் திரும்பி வந்தவை, அதுகள் வரேல்லை"
என்றார் பதிவறைச் சபாநடேசன்.
பிறகு என்ன நினைத்தாரோ,
ஏணியை இழுத்து மேல்தட்டுக்கு ஏறினார்.

வவுனியாவில் அன்று மின்சாரம் இல்லை.
சன்னலோரம் கொண்டுபோய் அவிழ்த்தோம்.
கறையான் தின்ற இடமெல்லாம்
குளம் வற்றின சேறுபோல வெடித்திருந்தது.

எனக்கு ஒரு பெயர் போதும்.
காணிக் கந்தோரில் கேட்கிறார்கள்:
குமுழமுனைக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர்
எந்த வழியால் உங்களுக்கு வந்தது?
அப்பா இருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு
"வாய்க்கால் வழியால்" என்றிருப்பார்.

முதலில் வந்தது கலியாணப் புத்தகம்.
சேதர் வீரகத்தி, வயது இருபத்தாறு, கமம்.
பூதாத்தை, வயது பதினேழு.
தகப்பன் கையெழுத்து. மாமன் கையெழுத்து.
பெண்ணுக்கு ஒரு புள்ளடி.
சீதனம்: பத்துப் பரப்பு, ஒரு சோடி காப்பு.
எல்லாம் சரி.
ஆனால் எங்கள் வீட்டில் யாரும்
பூதாத்தை என்று ஒருநாளும் சொன்னதில்லையே.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று,
மரணசாதன வழக்கு.
வீரகத்தி காய்ச்சலில் செத்திருக்கிறார்.
முதுசம் ஒரு பக்கம். தேடியதேட்டம் ஒன்றரைப் பக்கம்.
எருமை பதினாலு, அதில் சினை மூன்று.
துவக்கு ஒன்று, பூட்டு உடைந்தது.
தேன் இரண்டு முட்டி.
மாங்குளம் கடைக்காரனுக்குக் கடன்
ஆறு ரூபா எண்பது சதம்.
செத்தவரின் வெண்கலச் செம்பில் நெளிவு இருந்ததைக்கூட
ஒரு குமாஸ்தா குனிந்து பார்த்து எழுதியிருக்கிறான்.

அதற்குப் பின்னால், வேறு மையில், ஓர் ஆட்சேப மனு.

பேச்சி.
ஊர் தெரியாது. தகப்பன் பெயர் தெரியாது.
தண்டவாளம் போட வந்த கூட்டத்தோடு வந்து
கூட்டம் போன பிறகும் போகாமல் நின்றவள்.
'எட்டு வருஷம் அவரோடு இருந்தேன்.
காய்ச்சலுக்குக் கசாயம் வைத்தது நான்.
மடியில் இருக்கிறவன் அவருடைய பிள்ளை.
எருமைகள் என் குரலுக்குத்தான் பட்டிக்கு வரும்.'

பதிவு இல்லை. சாட்சி இல்லை. தள்ளுபடி.
எருமைகளை யாரும் கோட்டுக்குக் கூப்பிடவில்லை.

மடியில் இருந்தவனின் பெயர் நல்லான்.
என் அப்பாவின் அப்பா.

சபாநடேசன் எட்டிப் பார்த்தார்.
"ஆளைக் கண்டுபிடிச்சிட்டீரோ?"
"ஓம்."
"காணிக்கு உதவுமோ?"
"இல்லை, ஐயா. வழக்குத் தோற்றவையள்."

தோற்காமல் விட்டிருந்தால்
அவள் பெயரை எழுத ஒரு காரணமும் வந்திராது.
வென்றவர்களின் ஏட்டோரத்தில்
இரண்டு அங்குலம் எங்களுக்கு.

கட்டை மூடப் போனேன்.
பட்டியலின் கடைசி வரி கண்ணில் தட்டியது:
'குறியிரும்பு ஒன்று, பிறையும் கோடும்.
பெறுமதி இருபத்தைந்து சதம்.
காணவில்லை. மேற்படி பேச்சி
எடுத்திருக்கலாம் என விதவை சொல்கிறார்.'
பக்கத்தில் அந்தக் குறியை
குமாஸ்தா சின்னதாய்க் கீறியும் வைத்திருந்தான்.

எடுத்திருக்கலாம் இல்லை. எடுத்தாள்.
எங்கள் அடுப்பில் அது கொள்ளி தள்ளும்.
நுனியில் வளைந்த பிறை, கீழே ஒரு கோடு.
என்ன சாமான் என்று அம்மாவுக்கும் தெரியாது.
வெளிக்கிடு வெளிக்கிடு என்று
செல் விழுந்த இரவில்
உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு
அரிசி மூட்டைக்குள் அதைச் செருகினாள்.
முகாமில் தறப்பாளுக்குக் கீழே
ஈரவிறகைக் கிளறிக் கிளறி
அவள் திட்டித் தீர்த்ததும் அந்த இரும்பைத்தான்.

அந்த வருஷம் பூதாத்தை வீட்டுக் கன்றுகளுக்கு
என்ன குறி சுட்டார்களோ.

"எத்தினை பக்கம் பிரதி எடுக்க வேணும்?
பக்கத்துக்கு இருபது ரூபா."
"ஒண்டு காணும், ஐயா. கடைசிப் பக்கம்."
"அதில காணி ஒண்டும் இல்லையே?"

மிச்சக் காசை எண்ணி வாங்கினேன்.
இரண்டரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.